ஜன்னலை மாற்றப் போகிறீர்களா? முதலில் ஆளைப் பாருங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள்.

கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பதும் லேசான காரியம் அல்ல!

ஐப்பசி மாதம். இரவு முழுவதும் மழை. சென்னையை அடுத்த ஒரு பேட்டையில், 40 ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு. விடிந்து பார்த்தால் கூடத்தில் தண்ணீர். பேரனின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் நனைந்து கிடந்தன. ஜன்னல் வழியாகத் தண்ணீர் வந்திருந்தது.

"என்னங்க, இந்த வருஷமாவது ஜன்னலை மாற்றிவிடுங்கள்" என்றார், வீட்டு அம்மாள்.

கணவர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் இருப்பது ஓய்வுப் பணம். அதில்தான் மகளுக்குச் சீர் செய்ய வேண்டும். வைத்தியச் செலவும் பார்க்க வேண்டும்.

அன்று மாலையே ஒரு காண்டிராக்டர் வந்தார். பத்து நிமிடம்தான் இருந்தார். ஆறு ஜன்னல்களில் ஒன்றை மட்டும் அளந்தார்.

"எல்லாம் ஒரே அளவுதான் சார். ஆறையும் மாற்றிவிடலாம். மூன்றே நாள். பாதிப் பணத்தை இப்போதே கொடுத்தால் நாளைக்கே மரம் வாங்கிவிடுவேன். பழைய மரத்தை நானே எடுத்துப் போய்விடுகிறேன். உங்களுக்குக் குப்பைத் தொல்லை இல்லை!" என்றார்.

கணவர் பணம் எடுக்க எழுந்தார்.

"இருங்கள் தம்பி, நாளைக்குச் சொல்கிறோம்" என்றார், அந்த அம்மாள்.

அந்த ஒரு வார்த்தை அவர்கள் பணத்தைக் காப்பாற்றியது!

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. மழைக்காலம் வந்தால் ஊர் ஊராக நடக்கும் கதை.

மழை வந்தால்தான் தெரியும்

சுவருக்கு வெள்ளை அடித்தால் நல்லதா கெட்டதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஜன்னல் அப்படி அல்ல. புதிய ஜன்னல் எல்லாமே பார்க்க அழகாக இருக்கும். வார்னிஷ் பளபளக்கும்.

முதல் மழையில் தண்ணீர் கசியும். இரண்டாம் மழையில் கதவு ஊதி மூடாது. மூன்றாம் வருஷம் கரையான் வரும். அதற்குள் காண்டிராக்டர் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

ஆகவே, ஜன்னலைச் சோதிக்கும் முன் ஆளைச் சோதிக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? அதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. அவர் எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார் என்று கவனித்தால் போதும்.

"மாற்ற வேண்டாம்" என்பவர்

மறுநாள் அந்த அம்மாள் பக்கத்துத் தெருவுக்குப் போனார். அங்கே ஒரு வீட்டில் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜன்னல் மாற்றி இருந்தார்கள். அந்த வேலையைச் செய்த தச்சு மேஸ்திரியை வரச் சொன்னார்.

மேஸ்திரி வந்தார். முதலில் டேப்பை எடுக்கவில்லை, திருப்புளியை எடுத்தார்!

ஒவ்வொரு ஜன்னல் சட்டத்தின் அடிமூலையிலும் குத்திப் பார்த்தார். தண்ணீர் தங்கும் இடம் அதுதான். மரம் முதலில் மக்குவதும் அங்கேதான். நல்ல மரத்தில் திருப்புளி இறங்காது. மக்கிய மரத்தில் பொதபொதவென்று உள்ளே போகும்.

பிறகு சட்டம் சுவரோடு சேரும் இடத்தைப் பார்த்தார். கரையான் மண் கோடு இருக்கிறதா என்று தேடினார். மரத்தைத் தட்டிக் கேட்டார். உள்ளே கரையான் தின்றிருந்தால் வெற்றுச் சத்தம் கேட்கும்.

கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். கடைசியாக வெளியே போய், ஜன்னலுக்கு மேலே உள்ள சன்ஷேடை அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா, இரண்டு ஜன்னலின் சட்டம் போய்விட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். ஒன்றில் கதவு மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்றும் நல்ல மரம். கீலை மாற்றி, இழைத்துவிட்டால் இன்னும் பல வருஷம் வரும். கூடத்து ஜன்னலில் தண்ணீர் வந்தது ஜன்னலால் அல்ல. மேலே சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறது. அதைக் கொத்தனாரை வைத்து அடையுங்கள்" என்றார்.

ஆறு ஜன்னல் வேலை இரண்டரை ஜன்னல் வேலையாகக் குறைந்தது!

நம்பத் தகுந்தவருக்கு முதல் அடையாளம் இதுதான். தேவை இல்லாத வேலையை "வேண்டாம்" என்று சொல்பவர், தேவையான வேலையைச் சரியாகச் செய்வார்.

மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார்:

"இப்போது அளந்து செய்ய வேண்டாம். மழைக்கால ஈரத்தில் மரம் ஊதி இருக்கும். தை பிறக்கட்டும். அதுவரை வெளியே தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள். கரையான் மருந்தும் முதலில் அடிக்க வேண்டும். சுவரில் கரையான் இருந்தால் புது மரத்தையும் தின்றுவிடும்."

கைக்கு வந்த வேலையை மூன்று மாதம் தள்ளிப்போட்டார். அவசரப்படுத்தியவர் முதலில் வந்தவர்தான்.

அவசரம்தான் ஏமாற்றுகிறவனுக்கு ஆயுதம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பகுதியைத் தாக்கியது. அப்படிப்பட்ட நாட்களில் தச்சர்களுக்குக் கிராக்கி வரும். வந்தவர் கையில் பணத்தைக் கொடுத்துவிடத் தோன்றும். அப்போதும் முதலில் தார்ப்பாய்தான், பிறகுதான் காண்டிராக்டர்.

அளவு எடுக்கும் முறை

அளவு எடுப்பதைப் பார்த்தாலே வேலைக்காரரைத் தெரிந்துகொள்ளலாம்.

பழைய சுவர் நேராக இருக்காது. ஆகவே அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரத்தையும் இடம், நடு, வலம் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மிகக் குறைந்த அளவுதான் கணக்கு.

பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் திறப்பு சதுரம் தப்பாமல் இருக்கிறது. வேறுபட்டால் கோணல்!

ஆறு ஜன்னல் என்றால் ஆறையும் அளக்க வேண்டும். "எல்லாம் ஒரே அளவுதான்" என்பவர் பிறகு இடைவெளியைச் சிமென்டு வைத்து அடைப்பார்.

இன்னொரு கேள்வியையும் அவர் கேட்க வேண்டும். "மேலே லிண்டல் இருக்கிறதா?"

ஜன்னலுக்கு மேலே உள்ள சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டைதான் லிண்டல். இப்போது கான்கிரீட்டில் போடுகிறார்கள். சில பழைய வீடுகளில் மரக்கட்டையோ, செங்கல் வளைவோ இருக்கும். சில இடங்களில் ஜன்னல் சட்டமே மேல் சுவரின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் சட்டத்தைப் பெயர்த்தால், மேலே உள்ள செங்கல் சரிந்து விழலாம். உயிருக்கே ஆபத்து!

மரமா? அலுமினியமா? யு.பி.வி.சி.யா?

எதை விற்கிறாரோ அதைத்தான் புகழ்வார், வியாபாரி. மூன்றிலும் நல்லது உண்டு, குறையும் உண்டு.

மரத்தில் செய்தால் பிற்பாடு இழைக்கலாம்; பழுது பார்க்கலாம். ஆனால் வைரம் பாய்ந்த பாகமாக இருக்க வேண்டும். ஓரத்தில் உள்ள வெளுத்த பாகத்தைப் பூச்சி சீக்கிரம் தின்னும். வர்ணம் அடித்த பிறகு எது வைரம், எது வெள்ளை என்று தெரியாது. ஆகவே வர்ணம் அடிப்பதற்கு முன்பே மரத்தைப் பார்த்துவிட வேண்டும்.

அலுமினியத்தைக் கரையான் தின்னாது, இரும்பைப்போல் துருப்பிடிக்காது. ஆனால் கடலோரத்து உப்புக் காற்றில் மேற்பூச்சு நன்றாக இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

யு.பி.வி.சி. என்பது கெட்டியான பிளாஸ்டிக். கரையான் தொல்லை இல்லை, மழையில் ஊதாது. ஆனால் பெரிய ஜன்னலுக்கு அதன் உள்ளே இரும்புச் சட்டம் வைக்க வேண்டும். வெளியே பார்த்தால் அது தெரியாது. "வெட்டிய துண்டு ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேட்டால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

இரண்டு கதவு தள்ளி மூடும் ஜன்னலில் ஒரு சமயத்தில் பாதிதான் திறக்கும். காற்றும் பாதிதான் வரும். சித்திரை வெயிலில் அது பெரிய விஷயம். இதை முன்கூட்டியே சொல்பவர் நல்லவர்.

குழந்தைகள் விளையாடும் இடத்தில் கண்ணாடியைப் பற்றியும் கேட்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாகச் சிதறும். பதப்படுத்திய ‘டஃபன்ட்’ கண்ணாடி சிறு சிறு துண்டாக உதிரும்.

கணக்குப் போடுங்கள்

மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்கிறார்கள். கணக்கு சுலபம்தான். வீட்டில் படிக்கும் பிள்ளையே போட்டுவிடும்.

நான்கு அடி உயரம், நான்கு அடி அகலம் உள்ள ஜன்னல். சட்டம் 4 அங்குலம், 3 அங்குலம். நான்கு பக்கமும் சேர்த்து 16 அடி. நடுக்கட்டை 4 அடி. ஆக 20 அடி.

20-ஐ 4-ஆலும் 3-ஆலும் பெருக்கினால் 240. அதை 144-ஆல் வகுத்தால் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு கன அடி மரம்தான் சட்டத்துக்குத் தேவை. இழைப்பிலும் வெட்டிலும் கொஞ்சம் சேதாரம் போகும். ஆனால் சட்டத்துக்கு மட்டும் மூன்று கன அடி என்று எழுதி இருந்தால், "ஏன்?" என்று கேட்கலாம்.

இரும்புக் கம்பியும் அப்படியே. 12 மில்லி மீட்டர் சதுரக் கம்பி, ஒரு மீட்டர் சுமார் 1 கிலோ 130 கிராம் எடை. 10 மில்லி மீட்டர் கம்பி என்றால் சுமார் 785 கிராம்தான். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. எடையிலும் பலத்திலும் நிறைய வித்தியாசம்!

கம்பிகளுக்கு இடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். குழந்தை தலையை நுழைத்துக்கொள்ளும்.

மூன்று பேரைக் கேளுங்கள்

ஒருவர் சொல்லும் விலை சரியா என்று எப்படித் தெரியும்? மூன்று பேரிடம் எஸ்டிமேட் கேட்க வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே விவரம் சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தேக்கு, இன்னொருவருக்கு வேம்பு என்று சொன்னால் ஒப்பிட முடியாது.

மிகவும் குறைந்த விலை சொன்னவர் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள். கம்பியா? கண்ணாடியா? சுவர் பூச்சு வேலையா? விட்டதெல்லாம் பிறகு "எக்ஸ்ட்ரா" என்று வரும்!

அவர் முன்பு செய்த வேலையைப் போய்ப் பார்ப்பது நல்லது. போன வாரம் செய்த வேலை உதவாது. இரண்டு மழைக்காலமாவது கண்ட வேலையைப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாளிடம் இரண்டு கேள்வி போதும்.

"மழையில் தண்ணீர் வந்ததா?"

"குறை சொல்லிக் கூப்பிட்டபோது வந்தாரா?"

இரண்டாவது கேள்விதான் முக்கியம். யார் வேலையிலும் குறை வரலாம். திரும்ப வந்து பார்க்கிறவர்தான் நாணயமானவர்.

எழுதி வாங்குங்கள்

"எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பது பழமொழி.

தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதினால் உறவு கெடாது. எழுதாமல் விட்டால்தான் கெடும்!

எழுத வேண்டியவை இவை:

என்ன மரம், என்ன அளவு. கம்பியின் கனம். கண்ணாடியின் கனம். கீல், தாழ்ப்பாள் இரும்பா, பித்தளையா, எவர்சில்வரா. கொசுவலை உண்டா. பழைய ஜன்னலைப் பெயர்ப்பது, சுவர் பூசுவது, வர்ணம் அடிப்பது, குப்பை அள்ளுவது யார் பொறுப்பு. எத்தனை நாளில் முடியும். எத்தனை மாதத்துக்கு உத்தரவாதம்.

வேலை முடிந்ததும் பில் வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி. வரி 2017 ஜூலை 1-ல் வந்தது. அந்த வரி போட்ட பில்லில் 15 எழுத்தும் இலக்கமும் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் அந்த எண் 33 என்று தொடங்கும்.

சிறிய தச்சரிடம் இந்த எண் இல்லாமல் இருக்கலாம். அது குற்றம் அல்ல. ஆனால் எண் இல்லாதவர் ஜி.எஸ்.டி. என்று சொல்லி வரி வசூலிக்கக்கூடாது.

பழைய மரம் யாருக்கு?

"குப்பையை நானே எடுத்துப் போகிறேன்" என்றாரே முதலில் வந்தவர். அது குப்பையா?

பழைய வீடுகள் பலவற்றில் ஜன்னல் நல்ல தேக்கு மரத்தில் இருக்கும். சில வீடுகளில் பர்மா தேக்கு! அடிப்பக்கம் மக்கி இருந்தாலும் மற்ற மூன்று பக்கமும் வைரம்போல் இருக்கும். அதற்கு மரக்கடையில் விலை உண்டு. பெயர்த்த கம்பிக்கும் விலை உண்டு.

ஆகவே, "பழைய மரமும் கம்பியும் வீட்டுக்காரருக்கு" என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். காண்டிராக்டர் எடுத்துக்கொண்டால் அதன் விலையைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பணம் கொடுக்கும் முறை

மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்கக்கூடாது. பாதி கொடுப்பதும் அதிகம்தான்.

முன்பணம் கொஞ்சம். மரம் வீட்டுக்கு வந்து, பார்த்த பிறகு ஒரு பகுதி. ஜன்னலைப் பொருத்தியதும் ஒரு பகுதி. சோதித்துப் பார்த்த பிறகு கடைசிப் பகுதி. ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்க வேண்டும். செல்போன் வழியாக அனுப்பினாலும் எதற்காக என்று குறிப்பு எழுத வேண்டும்.

"மரம் வாங்கப் பணம் இல்லை" என்று தச்சர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியது இல்லை. கை முதல் இல்லாத நல்ல வேலைக்காரர்கள் எத்தனையோ பேர்! அவருடன் மரக்கடைக்குப் போய், கடைக்காரருக்கு நேராகப் பணம் கொடுத்து, உங்கள் பெயரில் பில் வாங்கிவிடலாம். இருவருக்கும் சந்தேகம் இல்லை.

நாணயம் இரண்டு பக்கமும் வேண்டும். வேலை சரியாக முடிந்த பிறகு கடைசிப் பணத்துக்கு அலைய விடக்கூடாது. அன்றே கொடுத்தால், அடுத்த தடவை கூப்பிட்டதும் வருவார்.

வேலை நடக்கும்போது

புது ஜன்னல் வீட்டுக்கு வந்து சேரும் வரை பழைய ஜன்னலைப் பெயர்க்க விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பெயர்ப்பதும் வேண்டாம். சுவரில் ஓட்டை இருந்தால் திருடனுக்குக் கதவு திறந்த மாதிரி!

மாடி ஜன்னல் என்றால் சாரம் கட்டச் சொல்ல வேண்டும். கூலிக்கு வருகிறவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்தான்.

ஏமாந்துவிட்டால்?

வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். சட்டம் இருக்கிறது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பணம் கொடுத்து வாங்கிய வேலையில் குறை இருந்தால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது, "எழுதியது எங்கே? ரசீது எங்கே?" என்பதுதான்.

ஒரு வாளித் தண்ணீர்

தை மாதம் அந்த வீட்டில் வேலை நடந்தது. பெயர்த்த சட்டத்தில் நல்ல தேக்காக இருந்த பாகத்தை மேஸ்திரி வீணாக்கவில்லை. மாற்ற வேண்டிய ஜன்னல் கதவை அதிலேயே செய்துவிட்டார். புது மரச் செலவு மிச்சம்.

கடைசி நாள். கணவர் பணத்தை எடுத்து வந்தார்.

"கொஞ்சம் இருங்கள் ஐயா" என்று மேஸ்திரியே சொன்னார். வெளியே போய், மூடிய ஜன்னல்மீது வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்.

அந்த அம்மாள் உள்ளே நின்று சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு ஜன்னலின் அடியில் மட்டும் லேசாக ஈரம். மேஸ்திரி அதை இழைத்துச் சரி செய்தார். மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். ஈரம் இல்லை. அதற்குப் பிறகுதான் பணத்தை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஐப்பசி வந்தது. இரவு முழுவதும் மழை. விடிந்ததும் அந்த அம்மாள் கூடத்துக்கு ஓடி வந்தார்.

பேரனின் புத்தகங்கள் ஜன்னல் அடியில் இருந்தன. நனையவில்லை!